தவறான கடிதத்துக்கும் கெடு உண்டு

2019 பிப்ரவரியில் ஒரு நாள், காலை எட்டு மணிக்கு நான் அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது கதவருகே ஒருவர் நின்றிருந்தார். நியூஜெர்சி மாநிலத்தின் நியூவர்க் நகரில் குடிவரவு வழக்குகளை மட்டும் பார்க்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. ஒரு வழக்கறிஞர், வரவேற்பில் ஒரு பெண், அப்புறம் நான். நான் வழக்கறிஞர் இல்லை. படிவம் நிரப்புவது, ஆவணங்களை அடுக்குவது, வருகிற கடிதங்களுக்குப் பதில் தயாரிப்பது என்று இருக்கிற பாராலீகல். வந்தவர் கானா நாட்டுக்காரர். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நேரே வந்திருந்தார். பெரிய கோட்டுக்குள்ளே நீலச் சீருடை தெரிந்தது. ஒன்றும் பேசாமல் ஓர் உறையை நீட்டினார்.

உள்ளே குடிவரவுத் துறை அனுப்பிய ஒரே ஒரு தாள். நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனுவை நீங்கள் தாக்கல் செய்யவில்லை, ஆகவே உங்கள் நிரந்தர வசிப்புரிமை முடிந்துவிட்டது என்று அதில் இருந்தது. அவர் கோட்டுப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். அதே துறை நான்கு மாதம் முன்பு அனுப்பிய ரசீது. ஐ-751 மனுவைப் பெற்றுக்கொண்டோம், உங்கள் கிரீன் கார்டை 18 மாதம் நீட்டித்திருக்கிறோம் என்று அதில் இருந்தது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, “இதில் எது உண்மை மேடம்?” என்று கேட்டார்.

பழக்கமில்லாதவர்களுக்கு இந்த நிபந்தனை விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து நிரந்தர வசிப்புரிமை பெறுகிறவருக்கு, உரிமை கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு வருடம் முடிந்திருக்காவிட்டால், இரண்டு வருடத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும் கார்டுதான் தருவார்கள். காகிதத்துக்காக மட்டும் நடக்கும் போலித் திருமணங்களைத் தடுக்க 1986-இல் கொண்டுவந்த சட்டம் இது. அந்த இரண்டு வருடம் முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு, நாங்கள் உண்மையிலேயே சேர்ந்துதான் வாழ்கிறோம் என்று ஆதாரங்களோடு மனு போட வேண்டும். அதுதான் ஐ-751. போடாவிட்டால் உரிமை தானாகவே முடிந்துவிடும். மணவிலக்கு ஆனவர்களுக்கும் கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் தனியாக மனு போட வழி உண்டு.

இவர் மனு போட்டிருக்கிறார். தபால் நிலையத்துக்குத் தானே போய் சர்டிஃபைடு மெயிலில் அனுப்பியிருக்கிறார். ரசீதும் வந்திருக்கிறது. பிறகு எப்படி இப்படி ஒரு கடிதம்?

அவர் மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காலை ஓட்டம் முடித்துவிட்டுப் பத்து மணிக்கு வந்தார். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி என்னிடம் இல்லை, கணவரிடம்: “நீ நிஜமாகவே அனுப்பினாயா?”

அந்த ஒரு கேள்வியில் அந்த மனிதரின் முகம் எப்படி ஆனது என்பதை நான் மறக்கவில்லை. இந்த வேலையில் ஒன்பது வருடம் இருந்தேன். தவறாக வரும் நோட்டீஸ்கள் என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த முகம்தான். வேலை போகும், பயணம் தடைப்படும், ஹெச்.ஆரிலிருந்து கேள்வி வரும், அதெல்லாம் பிறகு. வீட்டுக்குள் கடிதம் வந்த அன்றைக்கே இருவருக்கும் நடுவே ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் திருமணம் உண்மையா என்று நிரூபிக்கச் சொல்கிற நடைமுறை, தன் தவறாலேயே அந்தத் திருமணத்தை உரசிப் பார்க்கிறது. அது எனக்குக் கடைசிவரை பொறுக்கவில்லை.

அந்த அம்மாவிடம் காசோலை எண்ணைக் கேட்டேன். வங்கிக் கணக்கைத் திறந்து, மனுக் கட்டணத்துக்காகக் கொடுத்த 680 டாலர் செக்கின் படத்தைக் காட்டினார். முன்பக்கம் பார்த்துவிட்டு மூடப்போனவரைத் தடுத்து, பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். செக் வாங்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில், குடிவரவுத் துறை அதைப் பணமாக்கும்போது பின்பக்கத்தில் அந்த வழக்கின் ரசீது எண்ணை அச்சடித்துவிடும். மூன்று எழுத்து, பத்து இலக்கம். அதுவும் ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றேதான். ஆக மனு போயிருக்கிறது, பணமும் எடுத்திருக்கிறார்கள், வழக்கும் திறந்திருக்கிறார்கள். அந்த அம்மா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் நான் செய்தது எளிய வேலை, ஆனால் பொறுமை வேண்டும். ஒவ்வொருவருக்கும் துறை கொடுக்கும் ஏ-நம்பர் என்று ஒன்பது இலக்க எண் உண்டு. கார்டில் இருப்பதை ஒரு விரலாலும் ரசீதில் இருப்பதை இன்னொரு விரலாலும் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டேன். ஆறாவது, ஏழாவது இலக்கங்கள் ரசீதில் இடம் மாறி இருந்தன. படிவத்தின் நகலில் அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். அங்கே யாரோ தட்டச்சு செய்யும்போது மாறியிருக்கிறது. மனு வேறு எண்ணின் கீழ் போய் உட்கார்ந்துவிட்டது. இவருடைய எண்ணில் மனுவே இல்லை. இரண்டு வருட நாள் கடந்ததும் கடிதம் வந்துவிட்டது.

தவறு தெரிந்துவிட்டதே, ஒரு போன் போட்டுச் சொன்னால் தீர்ந்தது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் வழக்கறிஞர் ஒரு தாளில் பெரிதாக ஒரு தேதியை எழுதிச் சுவரில் ஒட்டினார். கடிதத்தின் தேதியிலிருந்து 33-வது நாள். இப்படிப்பட்ட முடிவை மறுபடி பார்க்கச் சொல்லி மனு போட 30 நாள்தான் கெடு, தபாலில் வந்ததென்றால் மூன்று நாள் கூடுதல். கடிதம் தவறானது என்பதற்காக அந்த நாட்கள் நின்று காத்திருப்பதில்லை.

இதைத்தான் நான் வந்தவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னேன். சரியான கடிதத்துக்கு எத்தனை மரியாதை கொடுப்பீர்களோ அத்தனை மரியாதையைத் தவறான கடிதத்துக்கும் கொடுங்கள். “அவர்கள் தப்பு, அவர்களே சரி செய்துகொள்ளட்டும்” என்று இழுப்பறையில் போட்டு வைத்தவர்களின் ஃபைல்கள்தான் எங்களிடம் மிகக் கனமாக இருந்தன. போனில் சொன்னதற்கு ஒரு கோரிக்கை எண் கிடைக்கும், அவ்வளவுதான். அது பதில் ஆகாது. ஏற்கனவே அனுப்பிய ஆவணத்தையே மறுபடி கேட்டுக் கடிதம் வந்தாலும் நிலைமை இதுதான். அதற்கு அதிகபட்சம் 84 நாள் தருவார்கள், தபாலுக்கு மூன்று நாள். அந்த நாட்களுக்குள் பதில் போய்ச் சேராவிட்டால், நீங்கள் முன்பே அனுப்பியிருந்தீர்கள் என்பதை யாரும் தேடிப் பார்க்கப் போவதில்லை. மறுபடி அனுப்புங்கள், முன்பே அனுப்பியதற்கான சான்றையும் கூடவே வையுங்கள்.

கானாக்காரரின் ஃபைலில் மூன்று வேலைகளை ஒன்றாகச் செய்தோம். எண் மாறியதை விளக்கி, இரண்டு எண்களையும் மஞ்சள் மையில் காட்டி, செக்கின் இரண்டு பக்கத்தோடும் ஒரு கடிதம் அனுப்பினோம். அவர்கள் பகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர் அலுவலகத்தில், தன் விவரங்களைக் கேட்டறியலாம் என்று அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தைக் கொடுத்து, துறையிடம் விசாரிக்கச் சொன்னோம். அந்த அலுவலகங்களில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூன்றாவதுதான் சண்டையானது. மறுபரிசீலனை மனுவுக்கு அப்போது 675 டாலர் கட்டணம். “அவர்கள் தப்புக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?” என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. துறை நினைத்தால் தானாகவே வழக்கை மறுபடி திறக்க முடியும். ஆனால் 33 நாளுக்குள் திறக்கும் என்று எங்களால் உத்தரவாதம் தர முடியாது. வழக்கறிஞர் அதை அப்படியே சொல்லிவிட்டு, முடிவை அவர்களிடமே விட்டார். கட்டினார்கள். இரண்டு பேரின் வாரச் சம்பளத்தையும் தெரிந்த எனக்கு அந்த செக்கை வாங்கி ஃபைலில் வைக்கும்போது கை கூசியது.

இடைப்பட்ட நாட்களில் அவர் வேலை நிற்காமல் பார்த்துக்கொண்டதுதான் இன்னும் பெரிய பாடு. குடிவரவு நீதிபதி இறுதியாக முடிவு சொல்லும்வரை ஒருவருடைய வசிப்புரிமைக்குச் சான்று கேட்கலாம். உள்ளூர் அலுவலகத்தில் நேரம் வாங்கி, கடவுச்சீட்டில் தற்காலிக முத்திரை போட வைத்தோம். அதைக் காட்டியதும் முதியோர் இல்லத்தில் கேள்வி கேட்பதை நிறுத்தினார்கள். வழக்கு மறுபடி திறக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது மே மாதக் கடைசியில். ஒரு வரி வருத்தம்கூட அதில் இல்லை. அந்த 675 டாலரும் திரும்பி வரவில்லை.

எல்லாத் தவறுகளும் தட்டச்சில் நடப்பதில்லை. 2020-இல் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி அழைத்தாள். முதல் பேச்சிலேயே என்னை அக்கா என்று கூப்பிட்டாள். இரண்டு வருடக் கார்டு முடியப்போகிறதே என்று, சாதாரணமாகப் புதுப்பிக்கிற ஐ-90 படிவத்தைத் தானே போட்டிருக்கிறாள். நிபந்தனைக்கு உட்பட்டவர்கள் இதில் புதுப்பிக்க முடியாது என்று மறுத்துவிட்டார்கள். ஐ-751 போட வேண்டும், உதவி செய்யுங்கள் என்றாள். ஃபைலை அனுப்பச் சொன்னேன். கல்யாணம் 2016 ஆகஸ்டில். கிரீன் கார்டு ஒப்புதல் ஆனது 2018 செப்டம்பரில். இரண்டு வருடம் முடிந்திருக்கிறதே! இவளுக்கு நிபந்தனையே வந்திருக்கக் கூடாது. கார்டில் ஐ.ஆர்.6 என்று இருக்க வேண்டிய இடத்தில் சி.ஆர்.6 என்று இருந்தது. நிபந்தனை உண்டு என்பதற்கான குறியீடு அது.

கல்யாணச் சான்றிதழை எடுத்துப் பார்த்ததும் விளங்கிவிட்டது. நம் ஊரில் தாலி கட்டுவது ஒரு நாள், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது இன்னொரு நாள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிந்தால் போதும். இவர்கள் நவம்பரில்தான் பதிந்திருக்கிறார்கள். சான்றிதழில் இரண்டு தேதிகளும் இருந்தன. அதிகாரி பதிவுத் தேதியைக் கல்யாணத் தேதியாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அங்கிருந்து எண்ணினால் இரண்டு வருடம் நிறையவில்லை. அமெரிக்காவில் வளர்ந்த ஒருவருக்கு, கல்யாணச் சான்றிதழில் இரண்டு தேதி இருக்கும் என்பதே தோன்றாது. எனக்கு அது கண்ணில் பட்டதற்குக் காரணம் திறமை இல்லை. என் கல்யாணச் சான்றிதழிலும் அப்படித்தான்.

சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்தது. “எங்க கல்யாணம் என்னைக்கு நடந்ததுன்னு அவங்க சொல்லணுமாக்கா?” என்றாள். சரி, நாமே சொல்லுவோம் என்றேன். பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டேன். அவள் அம்மா பீரோவிலிருந்து எடுத்துப் படம் பிடித்து அனுப்பினார்கள். மஞ்சள் தடவிய ஓரம், துர்முகி வருடம் ஆவணி மாதம் என்று தொடங்கி, பெரியவர்கள் பெயர்கள், மண்டபம், முகூர்த்த நேரம் வரை. ஆங்கிலம் அல்லாத எந்த ஆவணத்துக்கும், இரண்டு மொழியும் அறிந்த ஒருவர் உறுதியளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். நானே உட்கார்ந்து செய்தேன். ‘நிகழும் மங்களகரமான’ என்பதை ஒரு கல்யாண மண்டபத்துக்குள்ளும் போயிராத அதிகாரிக்கு எப்படி எழுதுவது என்று அரை மணி நேரம் யோசித்தேன். விட்டுவிடலாம், தேதி இருந்தால் போதும் என்றார் வழக்கறிஞர். எனக்கு மனம் வரவில்லை. முழுவதையும் எழுதினேன்.

துறையின் பிழையால் கார்டில் தவறு நேர்ந்திருந்தால் ஐ-90 படிவத்துக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பிரிவில் புதிதாகப் போட்டோம். பதில் வராமல் நாட்கள் போனபோது, ஐ-751 போடுவதற்கான அந்த 90 நாள் முடிவதற்குள், இது தேவையில்லை என்று நாங்கள் கருதுகிறோம், ஆயினும் பாதுகாப்புக்காகத் தாக்கல் செய்கிறோம் என்ற விளக்கத்தோடு ஐ-751-ஐயும் அனுப்பினோம். அப்படிப் போட்டால் நிபந்தனையை நாமே ஒப்புக்கொண்டதுபோல ஆகாதா என்று அவள் கணவர் கேட்டார். வாதத்தில் ஜெயித்து உரிமையை இழப்பதைவிட இது மேல் என்றார் வழக்கறிஞர். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. திருத்திய கார்டு வந்தபோது அவள் அதைப் படம் எடுத்து அனுப்பி, ஐ.ஆர்.6 என்ற எழுத்துகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். இப்படித் தொடர்ந்து பிழைகளைப் பார்த்ததில், வருகிற கடிதமெல்லாம் பிழைதான் என்று நினைக்கிற பழக்கம் எனக்கு வந்திருந்தது. திருமணம் செல்லாது போலிருக்கிறது என்று விளக்கம் கேட்டு ஒரு பெண்மணிக்கு நோட்டீஸ் வந்தது. அதற்கு 30 நாள்தான். பெயர்க் குழப்பமாக இருக்கும், கவலைப்படாதீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்து நீதிமன்ற ஆவணங்கள் வந்தன. அவருடைய கணவரின் முந்தைய மணவிலக்கு, இவர்கள் கல்யாணத்துக்குப் பிறகுதான் இறுதியாகியிருந்தது. கடிதம் சரி, நான்தான் தவறு. மீதமிருந்த இருபது நாளில் வழக்கறிஞர் போராடினார். நான் சொன்ன ஆறுதலை நம்பி அந்தப் பெண்மணி பத்து நாள் நிம்மதியாகத் தூங்கியிருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு ஃபைலை முழுக்கப் படிக்காமல் ‘கவலைப்படாதீர்கள்’ என்ற வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை. “படித்துப் பார்த்துவிட்டு நாளைக் காலை கூப்பிடுகிறேன்” என்று சொல்வேன். கூப்பிடவும் செய்வேன்.

2023 ஜனவரியிலிருந்து ஐ-751 ரசீதுகள் கார்டை 48 மாதம் நீட்டிக்கின்றன. அவ்வளவு காலம் ஒரு தாளை நம்பி வாழ வேண்டியிருக்கிறது. அதில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் எப்போது தெரியவரும் என்று சொல்ல முடியாது. ரசீது வந்த அன்றே கார்டையும் அதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

கானாக்காரரும் அவர் மனைவியும் மறுபடி வந்தார்கள், குடியுரிமை மனு போட. இந்த முறை ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தது அந்த அம்மா. எங்களிடம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு தாளாக எடுத்துக் காட்டினார். உறைகள்கூட இருந்தன, தபால் முத்திரை தெரியும்படி வெட்டாமல். புதிய செக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். அதன் எண்ணை ஒரு சின்ன நோட்டில் எழுதினார். பிறகு நோட்டைக் கணவர் பக்கம் நகர்த்தி, சரிபார்க்கச் சொன்னார்.