பழைய மவுன்டன் பைக்: முதலில் எழுத்தைப் படியுங்கள், பிறகு ஸ்பேனரை எடுங்கள்

பழைய மவுன்டன் பைக்கை அதன் காலத்துப் பாகங்களோடு மீட்க நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டியது ஷிமானோ என்ற ஜப்பான் கம்பெனியின் பாகங்களில் பொறித்திருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளை. பெடல் மாட்டும் கிராங்க் கையின் உட்பக்கம், கியர் மாற்ற செயினைத் தள்ளும் பின் டீரெய்லரின் முதுகு என்று பழைய டூத் பிரஷால் அழுக்கைத் தேய்த்தால் தெரியும். முதல் எழுத்து வருடம், அடுத்தது மாதம். ஏ என்றால் 1976. வரிசையாக எண்ணினால் ஓ 1990, கியூ 1992. மாதத்துக்கும் அப்படியே, ஜே பத்தாவது எழுத்து. ஆகவே ‘ஓஜே’ என்பது 1990 அக்டோபர். 1991 மாடல் சைக்கிளில் அந்த எழுத்து இருப்பதுதான் சரி. மாடல் வருடம் பிறப்பதற்குச் சில மாதம் முன்பே பாகங்கள் தயாராகிவிடும். அதே சைக்கிளில் வி-பிரேக் (நீண்ட இரண்டு கைகளால் ரிம்மைப் பிடிக்கும் பிரேக்) இருந்தால் பின்னால் யாரோ மாற்றியது, ஏனென்றால் ஷிமானோ வி-பிரேக் 1996 மாடலில்தான் வந்தது.

அடுத்தது அளவு. பின் சக்கரம் உட்காரும் இடைவெளி 126, 130, 135 மில்லிமீட்டர் என்று காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஹப் (சக்கரத்தின் நடுப்பாகம்) வாங்கும் முன் ஃப்ரேமை அளந்துவிடுங்கள். சீட் தண்டில் 0.2 மில்லிமீட்டர்கூடப் பெரிய வித்தியாசம். 27.2 ஃப்ரேமில் 26.8 தண்டு சுலபமாக நுழையும், போல்ட்டை இறுக்கினால் பிடித்த மாதிரியும் இருக்கும். ஓட்டும்போது மெல்ல இறங்கும், குழாயின் வாயும் நெளிந்துபோகும்.

அந்தத் தண்டு வெளியே வந்தால்தானே அளக்க முடியும்? பாதி சைக்கிள்களில் அசையாது. ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியத் தண்டு கிரீஸ் இல்லாமல் முப்பது வருடம் கிடந்தால், அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடிக்கு உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும், அதனால் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்கிறது. பாட்டம் பிராக்கெட்டை (கிராங்க் சுழலும் அச்சுத் தொகுப்பு) கழற்றி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஊடுருவும் எண்ணெயை அந்தப் பக்கமிருந்து குழாய்க்குள் ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாள் ஊறட்டும். பிறகு தண்டின் தலையை பெஞ்ச் வைஸில் பிடித்து, ஃப்ரேமையே நெம்புகோலாக இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். சூடு காட்டாதீர்கள்: பெயின்ட் போகும், அலுமினியம் ஸ்டீலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால் பிடியும் கூடும். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும், ஸ்டீலை விட்டுவிடும். ஆனால் ஹைட்ரஜன் கிளம்பும், தோலையும் பெயின்ட்டையும் தின்னும். எல்லாம் தோற்ற பிறகு, திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மட்டும்.

கிராங்க் கழற்றும்போது பலர் செய்யும் தவறு, போல்ட்டை எடுத்துவிட்டு அடியில் இருக்கும் வாஷரை மறப்பது. வாஷர் உள்ளேயே இருந்தால் புல்லர் (கிராங்க் கழற்றும் கருவி) தள்ள வேண்டிய அச்சுக்குப் பதில் அதைத் தள்ளும். கிராங்கின் மரை உரிந்து வந்துவிடும். ஆங்கில மரை உள்ள ஃப்ரேமில் பாட்டம் பிராக்கெட்டின் செயின் பக்கத்துக் கப்புக்கு இடது மரை, கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும். பால்ரஸ் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள்: பாட்டம் பிராக்கெட்டில் பக்கத்துக்கு 11, பின் ஹப்பில் 9, இரண்டும் கால் அங்குலம், முன் ஹப்பில் 10, பதினாறில் மூன்று அங்குலம். பால்ரஸ் உருளும் கோனில் குழி விழுந்தால் மாற்றலாம். ஹப்பின் கப்பிலேயே விழுந்திருந்தால் அந்த ஹப்பை விட்டுவிட வேண்டியதுதான்.

ரேபிட்ஃபயர் ஷிஃப்டர் (ஹேண்டில்பாரில் இருக்கும் கியர் லிவர்) பிடிக்காமல் வெறுமனே அசைகிறதா? தூக்கிப் போடாதீர்கள். உள்ளே கிரீஸ் இறுகி, சிறு நாக்கு பல்லில் போய் விழ முடியாமல் ஒட்டிக்கிடக்கும். மூடியை மட்டும் கழற்றி, டீகிரீஸரைப் பீய்ச்சி, ‘டிக்’ சத்தம் திரும்பும்வரை லிவரை அழுத்திக்கொண்டே இருங்கள். பிறகு மெல்லிய எண்ணெய் போதும், கிரீஸ் வேண்டாம். ஏழு கியர் ஷிஃப்டருக்கு ஏழு கியர் கேசட் (பின் பற்சக்கரத் தொகுப்பு) தான். பற்சக்கரங்களுக்கு இடையே அதில் 5 மில்லிமீட்டர், எட்டில் 4.8, கலந்து போட்டால் ஒரு முனையில் சரி செய்ததும் மறுமுனை உரசும்.

செயின், கேபிள், பிரேக் கட்டை மூன்றும் புதிதாக இருக்கட்டும், இதில் காலப் பொருத்தம் பார்க்க வேண்டாம். பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும் தொடாதீர்கள். கீறல் விழுந்த அசல் பெயின்ட்டுக்கு எந்தப் புதுப் பெயின்ட்டும் ஈடாகாது.

வி-பிரேக்குக்கு முந்தைய, குறுக்குக் கம்பியால் இரண்டு கைகளையும் இழுக்கும் கான்டிலீவர் பிரேக்குக்கு அதே காலத்து லிவரே வேண்டும். வி-பிரேக் லிவர் கேபிளை அதிகமாக இழுக்கும், விசையைக் குறைவாகவே கொடுக்கும். பிரேக் மேல் இருக்கும் பழைய ரிஃப்ளெக்டர் கிளாம்ப் அசிங்கமாகத் தெரிந்தாலும் முன் ஃபோர்க்கில் அதை விட்டுவையுங்கள். மெயின் கேபிள் அறுந்தால் குறுக்குக் கம்பி டயர்ப் பற்களில் விழுந்து சக்கரத்தைப் பூட்டிவிடும். அதைத் தாங்கிப் பிடிப்பது அந்தக் கிளாம்ப்தான்.