தண்ணீர் வந்த வாரம்: சொல்வரிசைக் குறிப்புகள்

ஜூன் 18, திருவையாறு

வாக்கியத்தின் கட்டமைப்பு கிளை கிளையாகப் பிரிகிறது. ஆனால் வாயில் வரும்போது சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வந்தாக வேண்டும். கிளையிலிருந்து வரிசை எப்படிப் பிறக்கிறது என்பதைத் தர்க்க விதிகளாக எழுதிப் பார்க்கிறேன். எடுத்துக்கொண்ட வாக்கியம்: “கல்லணையில் திறந்த தண்ணீர் நேற்று எங்கள் வாய்க்காலுக்கு வந்தது.”

ஏழு சொற்கள். இஷ்டத்துக்குக் கலைத்தால் 5040 வரிசை. இரண்டே விதி வைத்தேன். ஒன்று, சார்ந்து நிற்கும் சொல் தன் தலைச்சொல்லுக்கு, அதாவது தான் சார்ந்திருக்கும் சொல்லுக்கு (‘எங்கள்’ என்பதற்கு ‘வாய்க்காலுக்கு’), முன்னால் வரும். இரண்டு, அந்த இரண்டுக்கும் நடுவில் எது வந்தாலும் அதுவும் அதே தலைச்சொல்லின் கீழ் உள்ளதாக இருக்க வேண்டும். மிஞ்சுவது 6. ஆறுமே நல்ல தமிழ்!

ஜூன் 19

“நேற்று கல்லணையில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்தது.” நேற்று திறந்ததா, நேற்று வந்ததா? ‘நேற்று’ என்பதைத் ‘திறந்த’ என்பதோடு சேர்த்தால் அதே விதிகள் 4 வரிசை தருகின்றன. அதில் 2, முந்தைய ஆறிலும் இருப்பவை. மயக்கம் அந்த இரண்டில் மட்டும்தான். எங்கே குழப்பம் வரும், எங்கே வராது என்று விதியே சொல்லிவிடுகிறது. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

ஜூன் 21

கட்டமைப்பில் எது மேலே, எது கீழே என்பதே வரிசையை முழுக்கத் தீர்மானிக்கும் என்று மொழியியலாளர் ரிச்சர்ட் கெய்ன் 1994இல் வாதிட்டார். அப்படியானால் தமிழ் போல வினை கடைசியில் வரும் மொழிகளில் சொற்கள் இடம்பெயர்ந்தே அந்த வரிசைக்கு வந்திருக்க வேண்டும். அழகான கருத்துதான். ஆனால் வேற்றுமை உருபு பாதி வேலையைச் செய்துவிடும் மொழிக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்று நினைக்கிறேன். கட்டமைப்பு சில வரிசைகளை விலக்கினால் போதும், மீதி பேசுபவர் விருப்பம்.

ஜூன் 22

மடையில் நின்ற பெரியப்பா, “வந்துடுச்சுடா தண்ணி, நம்ம வாய்க்காலுக்கு!” என்றார். முதல் விதி போச்சு. ஆனால் முற்றுவினையிடம் மட்டும்தான். ‘கல்லணையில் திறந்த தண்ணீர்’ என்பதைத் ‘திறந்த கல்லணையில் தண்ணீர்’ என்று மாற்றினால் பொருளே வேறாகிவிடும். சரி, முற்றுக்கு மட்டும் விலக்கு. இப்போது 6 என்பது 24 ஆகிறது.

ஜூன் 24

செய்யுளில் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறைக்குப் பொருள்கோள் என்று பெயர். நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோளில் நிரல்நிறையை எடுத்தேன். “ஆறுகளும் வயல்களும் பெருகின விளைந்தன.” ஆறுகள் பெருகின, வயல்கள் விளைந்தன. ஒவ்வொரு சொல்லிலிருந்தும் அதன் தலைச்சொல்லுக்குச் சார்புக் கோடு போட்டால் ஒன்றையொன்று வெட்டுகிறது, இரண்டாம் விதி நிற்கவில்லை. ஆனாலும் வரிசை இங்கே தாறுமாறாக இல்லை: பெயர்களில் எது முந்துகிறதோ, அதன் வினையும் வினைகளில் முந்த வேண்டும். எதிர்நிரல்நிறைக்கு இதையே தலைகீழாக எழுதிக்கொண்டேன்.