சுங்கை சிப்புட்டில் குடியேறியபோது

கோயில் நாகஸ்வரக் கலைஞனாகத் தற்காலிக வேலை அனுமதி பெற்று, நாகப்பட்டினத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்குத் தனியாக வந்து சேர்ந்தேன். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே அமைந்த தோட்டப்புறப் பட்டணம் இது. மொழி தெரியாமல் தவிப்பாய் என்று ஊரில் பலரும் எச்சரித்திருந்தார்கள், ஆனால் நான் முதலில் நுழைந்த மளிகைக்கடையின் முதிய சீனரே, "என்ன தம்பி வேணும்?" என்று தமிழில்தான் கேட்டார். பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தும், இங்குள்ளவர்களின் வாழ்க்கை எங்கே தொடங்கி எப்படி இந்த இடத்துக்கு வந்தது என்பதை அறியாதிருந்த வரையில் நான் வெளியாளாகவே இருந்தேன். இரவுப் பூசை முடிந்து பத்து மணிக்கு வீட்டுக்குப் பேசுவேன். அங்கே அப்போது ஏழரை. அந்த நேரத்துக்காகவே பகலெல்லாம் காத்திருந்த நாட்கள் உண்டு.

தோட்டத்து மாரியம்மன் கோயில் ஒன்றின் ஆண்டுத் திருவிழாவுக்கு வாசிக்கச் சென்ற நாளில்தான் இந்த ஊர் எனக்குப் புரியத் தொடங்கியது. செம்மண் பாதையின் இருபுறமும் செம்பனை எனும் எண்ணெய்ப்பனை மரங்கள். சுற்றுவட்டாரத்தில் ஒரு வீடுகூட இல்லை. நடுவே புது வண்ணம் பூசிய கோபுரத்தோடு கோயில் மட்டும் நின்றது. யாருக்காக இந்தத் திருவிழா என்று வியந்துகொண்டிருந்தபோதே ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கார்கள் வந்து நிறைந்தன. இறங்கியவர்கள் அம்மனை வணங்கிய கையோடு பிள்ளைகளை அழைத்துச் சென்று, எங்கள் வரிசை வீடான லயம் இங்கே இருந்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை அங்கே, விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களம் அதோ அந்த மேட்டில் என்று மரங்களுக்கிடையே சுட்டிக்காட்டினார்கள். பால்குட ஊர்வலத்தின் முன்னே உறுமி மேளம் சென்றது. அபிஷேகத்துக்கும் அம்மன் புறப்பாட்டுக்கும் நாங்கள் வாசித்தோம். கம்பீரநாட்டை ராகத்தில் புறப்பாட்டுக்குரிய மல்லாரி எழுந்தபோது, தாம் பிறந்த வீடு இருந்த இடத்திலேயே கைகூப்பி நின்ற முதியவர்களைக் கண்டேன். அன்று வாசித்ததைப் போல உள்ளம் ஒன்றி நான் எங்கும் வாசித்ததில்லை.

எனக்கு அடுத்த வீட்டில் இருக்கும் பாட்டி, விடியுமுன் பிரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். மங்கு எனும் கிண்ணங்களில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்த கதைகளை அவர் சொல்லக் கேட்பது எனக்கு அன்றாடப் பாடமாயிற்று. அவருடைய மாமனார், எங்கள் ஊருக்கு அருகிலுள்ள நாகப்பட்டினத் துறைமுகத்தில்தான் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணியோடு கப்பலேறியிருக்கிறார். 1938ஆம் ஆண்டில் அன்றைய இந்திய அரசு தடை விதிக்கும்வரை அப்படி வந்தவர்கள் ஏராளம். பிற்காலத்தில் ஆங்கிலேயத் துரைமார் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாட, தொழிலாளர்கள் வேலையும் வீடும் ஒருசேர இழந்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்தவருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தோட்டங்களை வாங்கச் செய்தது அந்தத் துயரத்தின் நடுவில்தான். எளிய மக்களின் சேமிப்புப் பணத்தைக் கொண்டே நிலம் வாங்கிய அந்த முயற்சியைத் தமிழ்நாட்டில் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாட்டி இருந்த தோட்டத்திலோ பால்மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. குடும்பங்கள் தாமான் எனப்படும் பட்டணத்துக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன.

"பக்கத்து வீட்டில யாருன்னு தெரியாது, கோழி வளக்க இடமில்ல, விடியக்காலையில எழுந்தா போறதுக்கு வேல இல்ல. நாங்களும் இந்தத் தாமானுக்குப் புது ஆளுங்களா வந்தவங்கதான் தம்பி" என்றார் பாட்டி. அவர் தினமும், "பசியாறியாச்சா?" என்று கேட்டு என்னை அழைத்து அமர்த்துவது ஏன் என்பது அப்போது விளங்கியது. இப்போது எவரேனும் என் ஊரைக் கேட்டால், நானும் அவர்களுடைய தோட்டம் எதுவென்று கேட்கிறேன். அதன் பிறகு பேச்சு எளிதில் முடிவதில்லை.

வேலை அனுமதி தொடர்பான படிவங்கள் மலாய் மொழியில் இருப்பதால், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் பாட்டியின் பேத்தி அவற்றை எனக்குப் படித்துப் பொருள் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அவள் தோழிகள் சிலரும் கோயில் மண்டபத்தில் என்னிடம் இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசை கற்கிறார்கள். அடுத்த ஆண்டுத் தோட்டத்துத் திருவிழாவில் அவர்களை ஒரு சிறு பாடலாவது பாட வைக்க வேண்டும் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். அதற்குரிய பாடலைத் தேர்ந்துகொண்டிருக்கிறேன்.