கையாண்ட விதம்

"அண்ணே, நான் அமுக்கவே இல்லண்ணே. தொட்டதுதேன், அப்பளமாட்டம் போயிருச்சு."

அதற்கு நான் சொன்ன பதில்: "ரெண்டு பேரா பிடிச்சு எடுக்கணும்னு சொன்னேன்ல?"

சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை. என் கீழ் வேலை பார்த்த அவன் ஷீல்டை, அதாவது ஃபர்னஸுக்குள் சூட்டைத் தடுக்கும் மாலிப்டினம் தகட்டை, ஒரு முனையில் பிடித்துத் தூக்கியதும் பொய்யில்லை. ஆனால் அன்று எங்கள் கப்பலூர் பட்டறையில் ஷிப்டுக்கு ஆள் குறைவு. அவனோடு இன்னொருவனை அனுப்பாதது நான்.

அவன் அதோடு நிற்கவில்லை. "புதுசு மாட்டுனப்ப இதே தகட்ட நம்ம வளைச்சோமேண்ணே, அப்ப ஏன் உடையல?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'கையாண்ட விதத்தில் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் சம்பளத்தில் பிடித்தார்கள். இரண்டு மாதத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டான்.

பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சூடேற்றும் எங்கள் வேக்குவம் ஃபர்னஸில், வெட்டும் கருவிகளுக்கான ஹைஸ்பீடு ஸ்டீலை 1,200 டிகிரியில் பதம் போடுகிறோம். உள்ளடுக்கு மாலிப்டினம் ஷீல்டு ஒவ்வொரு முறையும் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. இந்த உலோகம் உருகுவதற்கு 2,623 டிகிரி வேண்டும், ஆகவே 1,200 என்ன செய்துவிடும் என்று தோன்றும். இரும்பாவது 912 டிகிரியில் தன் படிக அமைப்பையே மாற்றிக்கொள்ளும். மாலிப்டினத்தில் அந்த மாற்றமும் கிடையாது. கனசதுரத்தின் எட்டு மூலையிலும் நடுவிலும் ஒவ்வோர் அணு என்ற அதே அடுக்குதான், உருகும் வரைக்கும். மாறுவது கிரெய்ன், அதாவது உலோகம் முழுக்க ஒட்டிக் கிடக்கும் குட்டிக் குட்டிப் படிகங்கள். உருட்டித் தட்டிய புதுத் தகட்டில் கிரெய்ன்கள் நார்போல நீண்டு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், அதனால் வளையும். ஆயிரம் டிகிரியைத் தாண்டிப் பலமுறை காய்ந்தால் அந்த நாரெல்லாம் போய்ப் புதுக் கிரெய்ன்கள் உருண்டையாக வளர்ந்துவிடும். அப்புறம் ஆறிய தகடு கிரெய்ன் ஓரத்திலேயே பிளக்கும். 99.95 சதவீதம் சுத்தம் என்று சான்றிதழ் இருந்தாலும், பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு ஆக்சிஜன் அந்த ஓரங்களில் சேர்ந்தால் போதும். ஓரமே இல்லாத ஒற்றைப் படிகமாக வளர்த்த சுத்த மாலிப்டினம் சாதாரண சூட்டிலேயே வளையும் என்று படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஆக்சிஜன் என்றதும் ஞாபகம் வருவது, வெளிக்காற்று ஃபர்னஸுக்குள் புகாமல் அடைக்கும் கதவு கேஸ்கெட். அதில் கசிவு இருந்ததைத் தெரிந்தும் ஒரு வாரம் தள்ளிப்போட்டது நான்தான், ஆர்டர் நெருக்கடி. அந்தக் கசிவுதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் நிரூபிக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உடைந்த துண்டை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ஓரம் முழுக்கக் கற்கண்டு போல மின்னியது. பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. புரிந்த பிறகுதான் எழுதினேன்.

பொறுப்பு முழுக்க என்னுடையதா? அடுத்த வருஷம் இன்னொரு ஷீல்டைக் கழற்றினோம். அதுவும் அதே அளவுக்குக் காய்ந்த தகடுதான். அடியில் பலகை கொடுத்து இரண்டு பேராக எடுத்தோம், கீறல்கூட விழவில்லை. அப்படியானால் கையாண்ட விதமும் காரணம்தானே என்று மனசு உடனே பிடித்துக்கொண்டது. அந்தத் தகடு முழுசாக வெளியே வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்கக் கூடாது.

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் அவனைப் பார்த்தேன். "நல்லாருக்கீகளாண்ணே" என்றான். "நல்லாருக்கேன்ப்பா, நீ?" என்றேன். பஸ் வந்துவிட்டது.

அந்த அறிக்கையின் நகல் கோப்பில் இருக்கிறது. இரண்டு காரணத்தையும் எழுத இடமில்லை என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் எடுத்துப் பார்த்தேன். கட்டத்தில் பாதிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கிறது.