வெள்ளத்துக்குப் பிறகு பள்ளிக்கூடமும் வீடும்: எங்கள் அலைச்சல்

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று பெய்த மழையை எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் வீடு திருநெல்வேலியில் சிந்துபூந்துறைப் பக்கம், தாமிரபரணிக் கரையில் இருந்தது. மாமனார் காலத்து மண்சுவர், மேலே ஓடு. இரவில் வாசல்படியைத் தொட்ட தண்ணீர், விடியும்போது தையல் மிஷின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் எதிர்வீட்டு மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் பின்சுவர் விழுந்தது.

மார்கழி என்பதால் கல்யாண மண்டபங்கள் காலியாக இருந்தன. ஒரு மண்டபத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். சாப்பாட்டுக்குக் குறை இல்லை. ஆனால் தை பிறந்தால் வழி பிறக்கும் என்று ஊரெல்லாம் சொல்ல, எங்களுக்குத் தை பிறந்தால் மண்டபத்துக்கு முகூர்த்தம் பிறக்கும். அதற்கு முன்பே முகாமை முடித்துவிட்டார்கள். பேட்டையில் மதினி வீட்டுக்குப் போனோம். ஓர் அறையும் அடுப்படியும். அவர்கள் நாலு பேர், நாங்கள் நாலு பேர்.

அரசு கொடுத்த 6,000 ரூபாயில் பாய், பாத்திரம், பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கினோம். அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போயிருந்தது. மகள் ஏழாம் வகுப்பு, ஒரு தனியார் பள்ளி. மகன் மூன்றாம் வகுப்பு, வீட்டுக்குப் பக்கத்திலேயே அரசுப் பள்ளி. பேட்டையிலிருந்து தினமும் கொண்டுபோய் விடலாம் என்று முதலில் நினைத்தேன். எனக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, சீருடையில் போனால் பிள்ளைகளுக்கும் இல்லை. ஆனால் காலையில் எட்டு பேருக்கு ஒரே குளியலறை. ஒரு வாரத்தில் நாலு நாள் தாமதம். மகள் ஒரு ராத்திரி கேட்டாள்: “அம்மா, உங்க வீடு எங்கன்னு டீச்சர் கேட்டா என்ன சொல்ல?” எனக்கும் பதில் தெரியவில்லை. மதினி வீட்டுப் பக்கத்தில் இருந்த அரசு நடுநிலைப் பள்ளியில் இரண்டு பேரையும் சேர்த்துவிடலாம் என்று அன்றுதான் முடிவு செய்தோம்.

மகனுக்கு ஒரு சிக்கலும் இல்லை. பழைய பள்ளித் தலைமையாசிரியர் அன்றே மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே போலவே இங்கேயும் காலை உணவு உண்டு. சொந்த அடுப்பு இல்லாத வீட்டுக்கு அந்தக் கிச்சடியும் உப்புமாவும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது, இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மகள் விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டோம். இரண்டாம் பருவக் கட்டணம் பாக்கி. கட்டினால்தான் டி.சி. என்றார்கள். “எங்களுக்கு வீடே போயிருச்சு சார்” என்றேன். “எல்லாருக்கும்தாம்மா வெள்ளம்” என்று பதில் வந்தது. புதுப் பள்ளித் தலைமையாசிரியை நல்லவர்தான், ஆனாலும் தயங்கினார். டி.சி. இல்லை, பிறப்புச் சான்றிதழ் சேறோடு சேறாகப் போய்விட்டது, முகவரிச் சான்றில் இருப்பதோ இப்போது இல்லாத வீடு. “நாளைக்கு யாராவது கேட்டா நான் என்னம்மா சொல்ல?” என்றார்.

இரண்டு நாள் அழுதேன். அப்புறம் மண்டபத்தில் பழக்கமான ஒரு அக்கா, அவர் அங்கன்வாடிப் பணியாளர், கல்வி உரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். 2009-இல் வந்த சட்டம். 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைக்கு, டி.சி. வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும், அதுவும் வயதுக்கு ஏற்ற வகுப்பில். இது எதுவும் அதுவரை எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இடம் கேட்பது உதவி கேட்பது மாதிரி என்றே நினைத்திருந்தேன்.

பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணுக்குப் பேசினேன். பதற்றத்தில் முதல் தடவை வெள்ளக் கதையை முழுக்கச் சொல்லி, கேட்க வந்ததை விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை மகள் பெயர், வகுப்பு, எந்தப் பள்ளி, எந்தத் தேதி, என்ன சொன்னார்கள் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன். வட்டாரக் கல்வி அலுவலரைப் பார்க்கச் சொன்னார்கள். அதே விவரத்தை ஒரு பக்க மனுவாக எழுதி, நகல் ஒன்றில் முத்திரை வாங்கிக்கொண்டேன். அந்த முத்திரை போட்ட நகலைப் பார்த்ததும் தலைமையாசிரியையின் தயக்கம் போய்விட்டது. அவருக்கும் ஒரு பிடி வேண்டியிருந்தது போல. மறுநாளே மகள் வகுப்பில் உட்கார்ந்தாள், நனைந்த புத்தகங்களுக்குப் பதில் புதுசும் கிடைத்தது. பழைய பள்ளி எமிஸ் என்ற மாணவர் கணினிப் பதிவிலிருந்து அவளை விடுவிக்க மட்டும் மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை புதுப் பள்ளி வருகைப் பதிவேட்டில் அவள் கையால் எழுதிய பெயர் மட்டும்தான்.

ஆறு மாதம் கழித்து, 2024 ஜூலையில், கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன செய்தியைப் படித்தேன். செய்தித்தாளைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். யாருக்காவது ஆகும்.

வீட்டு விஷயத்தில் இப்படிக் கையில் பிடிக்க எந்தச் சட்டமும் அகப்படவில்லை. தீர்வை ரசீது இருந்தது, கரண்ட் பில் இருந்தது, முப்பது வருஷம் குடியிருந்ததற்கு ஊரே சாட்சி. ஆனால் பட்டா இல்லை. கொக்கிரகுளத்தில் இருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். மனு கோட்டாட்சியர், வட்டாட்சியர் என்று இறங்கி, கடைசியில் கிராம நிர்வாக அலுவலர் கைக்கு வந்தது. இடம் ஆற்றுப் புறம்போக்கு, ஆட்சேபணைக்குரிய வகை, அங்கே பட்டா கொடுக்க வழியில்லை என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. தண்ணீர் வந்த இடத்துக்கே திரும்பப் போகவும் எனக்கு ஆசை இல்லை. அதைத்தான் முதல் மனுவில் எழுதத் தவறிவிட்டேன். ‘அதே இடத்துக்குப் பட்டா வேண்டும்’ என்று கேட்டிருந்தேன். ‘மாற்று இடமோ, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தில் ஒரு வீடோ வேண்டும்’ என்று கேட்டிருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும். மனு எழுதிக் கொடுப்பவரிடம் விடாமல், நாம் கேட்க நினைப்பதை நாமே இரண்டு வரியில் முதலில் எழுதிக்கொண்டு போவது நல்லது. வாரிய வீட்டுக்கும் பயனாளி பங்குத் தொகை உண்டு. அதற்காகத்தான் இப்போது சீட்டு கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இடையில் வாடகை வீடு தேடியதைச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள், அட்வான்ஸ் எவ்வளவு தருவீர்கள் என்பார்கள், அப்புறம் சிரித்துக்கொண்டே, “நீங்க என்ன ஆளுக?” பதினோரு வீடு பார்த்தோம். பன்னிரண்டாவது வீட்டுப் பாட்டி, “பிள்ளைக சத்தம் இருந்தா நல்லதுதான்” என்று சாவியைக் கொடுத்தார். மாதம் 3,500 ரூபாய். மிஷினைப் பழுது பார்த்து மறுபடி தைக்கிறேன்.

மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. நடுநிலைப் பள்ளியை முடித்தபோது, கேட்பதற்கு முன்பே டி.சி. எழுதி வைத்திருந்தார்கள். சான்றிதழ்களை எல்லாம் பாலிதீன் உறையில் சுற்றி, மூடி இறுக்கமான ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்திருக்கிறாள். மழை இருட்டினால் முதலில் அவள் கண் அங்கேதான் போகும். புதிய மனுவின் ரசீதும் அதில்தான் இருக்கிறது. திங்கள்கிழமை அதை எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் போக வேண்டும். கூட்டம் சேர்வதற்குள் போனால், மதியத்துக்குள் திரும்பி இரண்டு ஜாக்கெட்டாவது தைத்துவிடலாம்.