நாவல் மரத்தடி நினைவில் இரு திருமேனிகள்

சியோல் நகரின் யோங்சான் பகுதியிலுள்ள கொரிய தேசிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தபோது, ஒரு கோயிலுக்குள் செல்லும் மனநிலை எனக்கு இருக்கவில்லை. ஆனால், 2021 நவம்பரில் அங்கே திறக்கப்பட்ட சிந்தனை அறையின் இருண்ட நடைவழியைக் கடந்து, மண் பூசிய சுவர்களுக்கு நடுவே, கண்ணாடித் தடுப்பு ஏதுமின்றி அருகருகே அமர்ந்திருந்த இரண்டு பொன்முலாம் பூசிய வெண்கலப் போதிசத்துவர்களை, அதாவது புத்தநிலையை அடையும் வழியில் இருப்போரின் திருமேனிகளைக் கண்டதும் கைகள் தாமாகவே குவிந்தன.

இருவரும் இடக்காலைத் தொங்கவிட்டு, அதன் முழங்கால்மேல் வலக்காலை மடித்து வைத்து, வலக்கை விரல்களைக் கன்னத்தருகே கொண்டுசென்று சிந்தனையில் ஆழ்ந்திருக்கிறார்கள். பொன்னேர் பூட்டும் விழாவில், உழுத மண்ணில் புழுக்கள் மடிவதைக் கண்டு, நாவல் மரத்தடியில் அமர்ந்து பிறவித் துயரை எண்ணிய இளவரசர் சித்தார்த்தரின் கோலம் இது என்பர். கொரியர்களோ இதை இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயராகவே பெரிதும் போற்றி வந்திருக்கிறார்கள்.

ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த திருமேனிக்குச் சூரிய சந்திர வடிவங்கள் கொண்ட உயர்ந்த மகுடம். உடலைச் சுற்றி வழியும் மெல்லிய மேலாடை. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த மற்றொன்று சுமார் மூன்றடி உயரமே உடையது. மூன்று முகடுகள் கொண்ட எளிய மகுடமும், வெற்று மார்பில் ஒரு கழுத்தணியுமே அதற்கு அணிகலன். ஜப்பானின் கியோட்டோவில், கோர்யூஜி ஆலயத்திலுள்ள செம்பைன் மரச் சிற்பம் இதை வியக்கத்தக்க அளவில் ஒத்திருக்கிறது.

என் மனம் இந்த இரண்டாவது திருமேனியிடமே தங்கிவிட்டது. பெரும்பாலும் தேய்ந்துபோன முலாம், மடிப்புகளின் இடுக்கில் இன்னமும் மஞ்சளாய் ஒளிர்கிறது. இருக்கையின்மேல் ஆடை அலையலையாய் மடிந்து விழுகிறது. பக்கவாட்டில் வந்து குனிந்து பார்த்தபோதுதான் மடித்த வலக்காலின் பெருவிரல் கண்ணில் பட்டது: முகம் அத்தனை அமைதியாக இருக்க, அந்த விரல் மட்டும் மேல்நோக்கி விறைத்து நிமிர்ந்திருக்கிறது. மெழுகில் உருச்செய்து, மண்பூசி, உருக்கிய உலோகத்தை வார்த்த அந்தப் பெயர் தெரியாத சிற்பி, சிந்தனை என்பது உறக்கமல்ல என்பதை அந்த ஒரு விரலில் வைத்துவிட்டார் என்றே நான் நம்புகிறேன்.

சுற்றிவர இடம் இருந்ததால் மூன்று முறை வலம் வந்தேன். பின்புறம், ஒளிவட்டம் பொருத்தப்பட்டிருந்த இடம் வெறுமையாகத் தெரிந்தது. மீண்டும் முன்னால் வந்தபோது ஒரு மூதாட்டி கண்மூடிக் கைகூப்பி நின்றிருந்தார். நானும் ஓசையின்றி அவர் அருகில் நின்றுகொண்டேன்.