லாந்தனம் ஆக்சைடு நமத்துப்போனதால் இழந்த ஆறு வாரங்கள்

எரிபொருளை எரிக்காமலே மின்சாரமாக்கும் திட ஆக்சைடு எரிபொருள் கலத்துக்கான கேத்தோடு (காற்றுப் பக்கத்து மின்முனை) பொடியைத் தயாரித்து, அது சரியான படிக அமைப்பில் உருவாகியிருப்பதை எக்ஸ்.ஆர்.டி. எனும் எக்ஸ்-கதிர்ச் சோதனையில் உறுதிசெய்ய இரண்டு வாரங்கள் போதும் என்று கணக்கிட்டிருந்தேன். இராமநாதபுரம் கடற்கரையோரக் கல்லூரி ஒன்றில் ஆய்வு செய்யும் எனக்கு எட்டு வாரங்கள் ஆயின. இதே வேலையை மழைக்காலத்தில் தொடங்கவிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பொருள் புதியதன்று, லாந்தனம் 0.8, ஸ்ட்ரான்சியம் 0.2, மாங்கனீசு 1 என்ற விகிதத்தில் அமைந்த மாங்கனைட்டுதான். லாந்தனம் ஆக்சைடு, ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டு, மாங்கனீசு டை ஆக்சைடு மூன்றையும் எடை போட்டு, அகேட் கல்வத்தில் அரைத்து, 1,100 டிகிரி செல்சியசில் சுட்டு, மறுபடியும் அரைத்துச் சுட்டேன்.

சோதனைக் கருவி எங்கள் கல்லூரியில் இல்லாததால், மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் ஒரு கருவி மையத்துக்குப் போனேன். படிவத்தில் வழிகாட்டிப் பேராசிரியரின் கையெழுத்து இருந்தும், துறைத்தலைவரின் முத்திரை இல்லை என்று அங்கிருந்த அலுவலர் வாங்க மறுத்தார். முத்திரைக்கென்று படிவத்தில் இடமே விடப்படவில்லை என்று காட்டினேன். அவர் அதைப் பார்க்காமலே அடுத்தவரை அழைத்தார். பொடியையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முத்திரையிட்ட படிவத்தை நாளையே அஞ்சலில் அனுப்புகிறேன் என்று கேட்டும் பயனில்லை. அடுத்த தேதி பன்னிரண்டு நாள்கள் கழித்தே கிடைத்தது. கட்டணத்தை விடவும் அந்தப் பன்னிரண்டு நாள்கள்தான் இன்றுவரை மனத்தை உறுத்துகின்றன. படிவத்தில் கேட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், முத்திரையை வாங்கிக்கொண்டே பேருந்தில் ஏறுங்கள்.

இரண்டாம் பயணத்தில் சோதனை நடந்தது. கதிர் சிதறும் கோணத்தைக் காட்டும் வரைபடத்தில் 32.5 டிகிரிக்கு அருகே முதன்மை உச்சம் தெளிவாக இருந்தது. ஆனால் 36 டிகிரியை ஒட்டி, இருக்கக்கூடாத ஒரு சிறிய உச்சமும் நின்றது. வினையில் சேராமல் தனித்து நின்ற மாங்கனீசு ஆக்சைடின் அடையாளம் அது. சுட்டது போதவில்லை என்று முடிவுகட்டி, 1,200 டிகிரியில் பத்து மணி நேரம் சுட்டு, மூன்றாம் முறை போனேன். உச்சம் அப்படியே இருந்தது.

வரைபடத்தைப் பார்த்த பேராசிரியர், "லாந்தனத்தைச் சுட்ட பிறகுதானே எடை போட்டாய்?" என்று கேட்டார். நான் புட்டியைத் திறந்து நேரே எடை போட்டிருந்தேன்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கத்தில் பொரித்த அப்பளம் அரை மணி நேரத்தில் நமத்துவிடும். உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்ளும். அந்தக் காற்றில் பலமுறை திறந்து மூடிய புட்டியில் இருந்தது ஆக்சைடே அல்ல. லாந்தனம் ஆக்சைடு காற்றின் ஈரத்தை ஏற்று ஹைட்ராக்சைடாக மாறிவிடும், 325.8 கிராம் ஆக்சைடு 379.9 கிராம் ஹைட்ராக்சைடாகும். இரண்டும் வெள்ளைப் பொடியே என்பதால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அதே புட்டியிலிருந்து 10 கிராமை மூசையிலிட்டு 950 டிகிரியில் சுட்டபோது 8.6 கிராமே மிஞ்சியது. அதாவது, ஒவ்வொரு கலவையிலும் 14 சதவீத லாந்தனம் குறைந்திருந்தது. ஜோடி கிடைக்காத மாங்கனீசுதான் 36 டிகிரியில் எட்டிப் பார்த்தது.

லாந்தனத்தைச் சற்றே குறைத்து வைக்கும் வழக்கமும் உண்டு. உயர்வெப்பத்தில் லாந்தனம், கலத்தின் மின்பகுளியான சிர்கோனியாவுடன் வினைபுரிந்து, மின்கடத்தலைத் தடுக்கும் லாந்தனம் சிர்கோனேட்டு படலம் உருவாவதை அது மட்டுப்படுத்துகிறது. ஆனால் அது தெரிந்தே வைக்கும் சில சதவீதக் குறைவு. என்னுடையது தெரியாமல் நேர்ந்தது.

இப்போது எடை போடுவதற்கு முந்தைய இரவில் லாந்தனம் ஆக்சைடை 950 டிகிரியில் ஆறு மணி நேரம் சுட்டு, சூடு முழுதும் ஆறுவதற்குள் டெசிக்கேட்டருக்கு (ஈரம் புகாத மூடிய கலம்) மாற்றி, வெளியே எடுத்த சில நிமிடங்களில் எடையை முடித்துவிடுகிறேன். மழைநாள்களில் அதனுள் ஈரத்தை உறிஞ்ச வைக்கும் நீல சிலிக்கா ஜெல் இரண்டே நாளில் இளஞ்சிவப்பாகிவிடுகிறது. அதை 120 டிகிரியில் உலர்த்தாமல் டெசிக்கேட்டரை நம்ப வேண்டாம். ஆக்சைடுக்குப் பதில் லாந்தனம் நைட்ரேட்டுக்கு மாறிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன்: அதுவும் ஈரத்தை இழுக்கும்.

எங்கள் மாவட்டத்து வழுதூரில் இயற்கை எரிவாயுவை எரித்துச் சுழலியை ஓட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். அதே வாயுவை எரிக்காமலே மின்வேதி வினையால் மின்சாரமாக்க வல்லது இந்தக் கலம் என்பதால்தான், ஆறு வாரங்கள் போன பிறகும் என்னால் இதை விட முடியவில்லை.

இப்படிச் சுட்ட லாந்தனம் ஆக்சைடில் செய்த பொடியுடன் நான்காம் முறை போனபோது கிடைத்த வரைபடத்தில் 36 டிகிரியில் கோடு தட்டையாக இருந்தது. அதை அச்செடுத்துப் பேராசிரியரின் மேசையில் வைத்தேன். 8 மோல் சதவீத இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) சேர்த்த சிர்கோனியா வில்லைகள்மேல் இந்தப் பொடியைப் பூசும் வேலை இந்த வாரம் தொடங்கியிருக்கிறது. மழை இன்னும் விடவில்லை. காலையில் ஆய்வகத்தைத் திறந்ததும் சிலிக்கா ஜெல்லின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.